ராக் அண்ட் ரோல் எந்தச் சபையில் பாடக் கற்றது?

சமூக ஊடகங்களில் அவ்வப்போது ஒரு காணொளி சுற்றிவரும். ஐம்பதை நெருங்கும் கறுப்பினப் பெண் ஒருவர் வெள்ளை நிற எலெக்ட்ரிக் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறார். பின்னால் தேவாலயப் பாடகர் குழு கைதட்டுகிறது. பாட்டின் நடுவே குரலை நிறுத்திவிட்டுக் கிதாரைப் பேசவிடுகிறார். கம்பிகள் உறுமுகின்றன. கீழே ஒரு வரி: ‘ராக் இசையைக் கண்டுபிடித்தவர் எல்விஸ் இல்லை, இவர்தான்.’

அவர் சிஸ்டர் ரொசெட்டா தார்ப். 1973இல் இறந்த அவரை, 2018இல்தான் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் தன் பட்டியலில் சேர்த்தது. 2022இல் ராக் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியைப் பற்றி வந்த திரைப்படத்திலும் அவர் ஒரு பாத்திரமாக வந்துபோகிறார். அதிலிருந்து அந்தக் காணொளிக்கு இன்னும் மவுசு கூடியிருக்கிறது.

ஒரு சிக்கல் உண்டு. அந்தக் காணொளி 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்டது. அதே அளவுக்குப் பகிரப்படும் இன்னொன்று, மழை ஈரத்தில் பழைய ரயில் நிலைய மேடையில் அவர் பாடுவது. அது 1964இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் எடுத்தது. எல்விஸின் முதல் இசைத்தட்டு வெளியானதோ 1954இல். யார் முந்தியவர் என்ற வழக்கில் பத்தாண்டு பிந்திய சாட்சியைக் கூண்டில் ஏற்றுகிறார்கள்! கட்சி நியாயமானதுதான், காட்டும் ஆதாரம்தான் தப்பு. சரியான ஆதாரம் 1938லும் 1944லும் பதிவான ஒலித்தட்டுகளில் இருக்கிறது.

‘கண்டுபிடித்தவர் யார்’ என்ற கேள்வியைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, தேவாலயத்திலிருந்து ராக் மேடைக்கு உண்மையில் என்னென்ன இடம்பெயர்ந்தன என்று பார்த்தால் விஷயம் தெளியும்.

முதலில் சில சொற்கள்

குழப்பத்தில் பாதி, சொற்களால் வருவது.

1. ஸ்பிரிச்சுவல்: அடிமைத்தனக் காலத்தில் கறுப்பின மக்கள் வாய்வழியாக உருவாக்கிய பக்திப் பாடல்கள். எழுதியவர் பெயர் கிடையாது.

2. ஹிம்: நம் சபைகளில் பாமாலை என்கிறோமே, அந்த வகை. ஐரோப்பிய மெட்டு, அச்சிட்ட புத்தகம், நிதானமான நடை.

3. காஸ்பல்: ‘நற்செய்தி’ என்பது சொல்லின் பொருள். இசை வகையாகப் பார்த்தால், 1930களில் சிகாகோ போன்ற வடக்கு நகரங்களில் உருக்கொண்ட கறுப்பினத் தேவாலய இசை. தெற்கின் கிராமங்களிலிருந்து பிழைப்புத் தேடி ரயிலேறி வந்தவர்களின் இசை இது. ஸ்பிரிச்சுவல் போலன்றி, இதற்கு ஆசிரியர் உண்டு, அச்சிட்ட தாள் உண்டு, விற்பனை உண்டு.

4. தெற்கத்திய காஸ்பல்: அதே பெயரில் வெள்ளையர் சபைகளில் வளர்ந்த வேறொரு மரபு. நான்கு ஆண்குரல்கள், ஒரு பியானோ, இரவு முழுக்க நடக்கும் பாட்டுக் கச்சேரிகள். எல்விஸின் கதையில் இந்த இரண்டு காஸ்பலும் வருகின்றன. ஒன்றை மற்றொன்றாக எண்ணிக்கொண்டால் கணக்கு தப்பும்.

5. ரிதம் அண்ட் ப்ளூஸ்: கறுப்பின மக்களுக்கென விற்ற இசைத்தட்டுகளை ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’ என்று இனப்பெயரிட்டு அழைத்துவந்த பில்போர்ட் பத்திரிகை, 1949இல் தன் பட்டியலுக்குச் சூட்டிய மாற்றுப்பெயர்.

‘ராக்’ என்ற சொல்லே இரட்டைக் குடியுரிமை கொண்டது. ஆபிரகாமின் மடியில் என் ஆன்மாவைத் தாலாட்டு என்று கேட்கும் பழைய ஸ்பிரிச்சுவலில் அது தாலாட்டும் அசைவு. ஆராதனையில் ஆவி இறங்கி உடல் ஆடுவதற்கும் அதே சொல். 1922இல் டிரிக்சி ஸ்மித் பதிவுசெய்த ப்ளூஸ் (தேவாலயத்துக்கு வெளியே, துயரமும் காதலும் பேசும் கறுப்பினப் பாட்டு வகை) பாட்டின் தலைப்பில் ‘ராக்’, ‘ரோல்’ இரண்டும் வருகின்றன. அங்கே அதன் பொருள் கட்டில் சம்பந்தப்பட்டது. ஒரே ஊரில், ஒரே வாய்களில் இரண்டு பொருளும் புழங்கின.

டிரம்ஸுக்குக் கதவு திறந்த சபை

கறுப்பினத் தேவாலயம் என்றதும் எல்லாம் ஒரே மாதிரி என்று நினைக்கக் கூடாது. நகரத்து நடுத்தர வர்க்கத்தாரின் பெரிய பாப்டிஸ்ட், மெதடிஸ்ட் சபைகள் பலவற்றில் ஆராதனை ஒழுங்கும் அடக்கமுமாக நடந்தது. டிரம்ஸும் கிதாரும் சாராயக்கடைச் சமாச்சாரம் என்று வாசலோடு நிறுத்தப்பட்டன.

1906இல் லாஸ் ஏஞ்சல்ஸின் அசூசா தெருவில், வில்லியம் சீமோர் என்ற கறுப்பினப் போதகரின் தலைமையில் எழுந்த எழுப்புதல் பெந்தெகோஸ்தே இயக்கத்தை உலகெங்கும் பரப்பியது. அங்கே போய் அபிஷேகம் பெற்றுத் திரும்பியவர்களில் ஒருவர் சார்ல்ஸ் ஹாரிசன் மேசன். அவர் மெம்ஃபிஸைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்த்த சபை, சர்ச் ஆஃப் காட் இன் க்ரைஸ்ட். இவர்கள் 150ஆம் சங்கீதத்தைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டார்கள். தம்புரும் நடனமும் கைத்தாளமும் கொண்டு துதிக்கச் சொல்லியிருக்கிறதல்லவா, பிறகென்ன தடை? டம்பரின், டிரம்ஸ், கிதார், டிராம்போன் எல்லாம் உள்ளே வந்தன. ஆடுவதும் துள்ளுவதும் அந்நிய பாஷையில் பேசுவதும் ஆராதனையின் பகுதியாயின. பெந்தெகோஸ்தே ஜெபக்கூட்டத்தின் கைத்தட்டலைத் தெருவில் நின்றாவது கேட்ட தமிழருக்கு இந்தச் சூழலை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

ரொசெட்டா தார்ப் இந்தச் சபையின் பிள்ளை. 1915இல் ஆர்கன்சா மாநிலத்தின் காட்டன் பிளான்ட் என்ற சிற்றூரில் பிறந்தவர். தாய் கேட்டி பெல் நியூபின் மாண்டலின் வாசித்துக்கொண்டு ஊர் ஊராகப் பிரசங்கித்த சுவிசேஷகி. மகள் சிறுவயதிலேயே கிதாரோடு மேடையேறினார். ஒலிபெருக்கி இல்லாத கூடாரக் கூட்டங்களில் நூற்றுக்கணக்கானோரின் கைத்தட்டலை மீறிக் கேட்கவேண்டிய கிதார் அது. தனித்தனிச் சுரங்களைத் தெறிக்கவிடும் அவருடைய வாசிப்பு முறை அங்கே பழகியது. பிற்காலத்தில் ராக் கிதாரின் அடையாளமாகப் போனதும் அதுவே.

 இங்கே முக்கியம், மேசனின் சபையோடு தொடக்கத்தில் உறவு வைத்திருந்த வெள்ளைப் போதகர்கள் பலர் 1914இல் பிரிந்துபோய் அசெம்ப்ளீஸ் ஆஃப் காட் என்ற அமைப்பைத் தொடங்கியது. நிற வேற்றுமை சபையைப் பிரித்தது. ஆராதனையின் சூட்டை அது பிரிக்கவில்லை. ராக் பாடகர்களான எல்விஸ் பிரெஸ்லி, ஜெர்ரி லீ லூயிஸ் இருவரும் இந்த அசெம்ப்ளீஸ் ஆஃப் காட் வீட்டுப் பிள்ளைகள்.

இடம்பெயர்ந்தவை

காஸ்பலிலிருந்து ராக் பெற்றது மெட்டுகள்தான் என்று பலர் நினைக்கிறார்கள். சில மெட்டுகள் போயின, உண்மை. ஆனால் பெரிய வரவு அதுவல்ல. கூடியிருக்கும் ஜனத்தைச் சூடேற்றி, தன்னை மறக்கச் செய்யும் முறை இருக்கிறதே, அது முழுசாக இடம்பெயர்ந்தது. பிரித்துப் பார்க்கலாம்.

1. சூடேற்றும் வரிசை. காஸ்பல் பாட்டு மெதுவாகத் தொடங்கும். கதை சொல்லி முடித்ததும், ஒரே வரியையோ ஒரே சொல்லையோ பிடித்துக்கொண்டு பின்னணிக் குரல்கள் சுழல ஆரம்பிக்கும். அதன்மேல் தலைமைப் பாடகர் மனம்போனபடி கூவுவார், கெஞ்சுவார், கதறுவார். ஐந்து நிமிடமோ பதினைந்து நிமிடமோ, சபை எழுந்து ஆடும்வரை நிற்காது. டிக்ஸி ஹம்மிங்பேர்ட்ஸ் குழுவின் ஐரா டக்கர் மேடையிலிருந்து குதித்து இருக்கைகளுக்கு நடுவே ஓடுவார். மிசிசிப்பியின் பார்வையற்ற பாடகர் குழுவில் ஆர்ச்சி பிரவுன்லீ போட்ட அலறலைக் கேட்டு மயங்கி விழுந்தவர்கள் உண்டு. 1959இல் ஐஸ்லி பிரதர்ஸ் பதிவுசெய்த ‘ஷவுட்’ பாட்டைக் கேளுங்கள். மெதுவாகத் தணிந்து, முணுமுணுப்பாகி, மறுபடி வெடிக்கும். தலைப்பே தேவாலயச் சொல்: ‘ஷவுட்’ என்றால் வெறும் கத்தலல்ல, ஆவி இறங்கி ஆடும் ஆட்டம். அந்தச் சகோதரர்கள் காஸ்பல் பாடி வளர்ந்தவர்கள். பதிவில் ஆர்கன் வாசித்தவரும் தேவாலய வாத்தியக்காரர்.

2. முன்பாட்டும் பின்பாட்டும். போதகர் ஒரு வரி, சபை ஒரு வரி. இதில் பின்பாட்டுக்காரர் வெறும் எதிரொலி அல்ல, முன்பாட்டுக்காரரை உந்தித் தள்ளுபவர். கறுப்பினப் பாடகர் ரே சார்ல்ஸின் ‘வாட்’ட் ஐ சே’ (1959) முழுக்க இந்த அச்சில் ஓடுகிறது. சொற்களே தேயத் தேய, வெறும் முனகலும் பதில் முனகலுமாக முடிகிறது.

3. ஓரெழுத்தில் பல சுரம். நம் செவிக்குப் பிருகா என்று சொன்னால் பிடிபடும். ஒரு சொல்லின் ஓர் அசையை ஏழெட்டுச் சுரங்களில் வளைத்து இழுப்பது. பாப்டிஸ்ட் போதகரின் மகனான கிளைட் மெக்ஃபாட்டர் 1950இல் டாமினோஸ் குழுவில் சேர்ந்தபோது இந்தப் பழக்கத்தைக் காதல் பாட்டுக்குக் கொண்டுவந்தார். அதற்குமுன் அந்த வகைப் பாடகர்கள் பெரும்பாலும் சொல்லை நேராகப் பாடினார்கள்.

4. பொய்க்குரலும் அலறலும். ஆணின் குரல் சட்டென்று உச்சிக்குப் போய்ப் பெண்குரல்போல ஒலிப்பது காஸ்பல் குழுக்களில் வீரம். ஸ்வான் சில்வர்டோன்ஸின் கிளாட் ஜீட்டர் இதில் பெரிய கை.

5. கைத்தட்டல் விழும் இடம். நான்கு எண்ணிக்கைத் தாளத்தில் ஒன்று, மூன்றில் தட்டாமல் இரண்டு, நான்கில் தட்டுவது. ராக்கின் டிரம்ஸ் அடி இதுவே. ஆனால் இந்தப் பாக்கியை முழுக்கத் தேவாலயத்தின் கணக்கில் எழுதமுடியாது. நியூ ஆர்லியன்ஸின் தெரு ஊர்வல வாத்தியக் குழுக்களுக்கும் ஜாஸுக்கும் அதில் பங்குண்டு.

கடவுளின் இடத்தில் காதலி

மெட்டு இடம்பெயர்ந்த வகைக்கு, தேதியோடு காட்டக்கூடிய உதாரணம் ரே சார்ல்ஸ். 1954இல் இசைச் சுற்றுப்பயணத்தில் காரில் போய்க்கொண்டிருந்தபோது வானொலியில் சதர்ன் டோன்ஸ் என்ற குழுவின் காஸ்பல் பாட்டு ஒன்று ஒலித்தது. இயேசு தனக்குச் செய்ததைச் சொல்லும் பாட்டு. உடனிருந்த டிரம்பெட் கலைஞர் ரெனால்ட் ரிச்சர்டும் அவரும் சேர்ந்து அதே நடையில், இயேசு இருந்த இடத்தில் ஒரு பெண்ணை வைத்துப் பாடினார்கள். ‘ஐ காட் எ வுமன்’ அந்த நவம்பரில் அட்லாண்டாவில் பதிவானது. 1955இல் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடம்.

அதோடு நிற்கவில்லை. சிறுவர் ஞாயிறு பள்ளியில் பாடும் ‘என் சிறு விளக்கு’ பாட்டு அவர் கையில் ‘என் சிறு பெண்’ ஆயிற்று. எழுத்துக்கு எழுத்து மாற்றிய மாதிரி.

இதைக் கேட்டுக் கோபப்பட்டவர்களில் ப்ளூஸ் பாடகர் பிக் பில் ப்ரூன்ஸியும் ஒருவர் என்பது கவனிக்கத்தக்கது. சாராயக்கடையில் பாடுகிறவருக்கே இது பொறுக்கவில்லை. ப்ளூஸையும் ஸ்பிரிச்சுவலையும் கலக்கிறான், இந்தக் குரல் தேவாலயத்தில் இருக்கவேண்டியது என்பது அவர் வாதம். வேலி மதவாதிகள் மட்டும் போட்டதல்ல. இரண்டு பக்கத்தாரும் சேர்ந்து காத்த வேலி.

அந்த வேலி எப்போதாவது அசையாமல் நின்றதா என்றால், அதுவும் இல்லை. காஸ்பலின் தந்தை என்று அழைக்கப்படும் தாமஸ் டோர்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 1920களில் ‘ஜார்ஜியா டாம்’ என்ற பெயரில் ப்ளூஸ் பாடகி மா ரெய்னிக்குப் பியானோ வாசித்தவர். 1928இல் டாம்பா ரெட்டுடன் சேர்ந்து இரட்டை அர்த்தப் பாட்டொன்றைப் பெரிய வெற்றியாக்கியவர். 1932இல் பிரசவத்தில் மனைவியையும் பிறந்த குழந்தையையும் இழந்த துயரத்தில் அவர் எழுதிய ‘டேக் மை ஹாண்ட், ப்ரெஷியஸ் லார்ட்’ இன்றும் சாவு வீடுகளில் பாடப்படுகிறது. அவர் தேவாலயத்துக்குள் வந்தபோது ப்ளூஸ் பியானோவைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வரவில்லை, கையோடு கொண்டுவந்தார். பெரிய சபைகள் முதலில் அவர் பாட்டுகளை ஏற்க மறுத்ததும் அதனால்தான். ஆக, ரே சார்ல்ஸ் தேவாலயத்திலிருந்து எடுத்துப் போனதில் ஒரு பங்கு, ஒரு தலைமுறைக்கு முன் ப்ளூஸிலிருந்து உள்ளே போனது.

தார்ப் 1938 அக்டோபர் 31 அன்று டெக்கா நிறுவனத்துக்காகப் பதிவுசெய்த ‘ராக் மீ’ பாட்டும் டோர்சியுடையதே. டோர்சி அதைக் கடவுளின் மார்பில் ஒளிந்துகொள்ளும் ஜெபமாக எழுதியிருந்தார். தார்ப் ‘ராக்’ என்ற சொல்லை அழுத்தி உருட்டிப் பாடிய விதத்தில் அது ஜெபமா அழைப்பா என்று சொல்வது கடினம். அதே ஆண்டு அவர் நியூயார்க்கின் காட்டன் கிளப்பில் நடன மங்கையரோடு ஒரே மேடையில் பாடிக்கொண்டிருந்தார். 1944இல் சாம் ப்ரைஸின் பியானோவுடன் பதிவான ‘ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹாப்பனிங் எவ்ரி டே’, மறு ஆண்டு ரேஸ் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது. ஒரு காஸ்பல் பாட்டு அந்த உயரத்துக்குப் போனது புதுமை. துள்ளும் பியானோ, நடுவில் வெட்டிப் பாயும் எலெக்ட்ரிக் கிதார், வேடிக்கை கலந்த வரிகள். சொற்களை மட்டும் மாற்றினால் 1955இன் ராக் அண்ட் ரோல். ஆதாரம் வேண்டுவோர் காணொளியை விட்டுவிட்டு இந்தத் தட்டைக் கேட்கலாம்.

மேக்கன் நகரத்துப் பையன்

1947இல் ஜார்ஜியாவின் மேக்கன் நகர அரங்கில் தார்ப்பின் கச்சேரி. அங்கே குளிர்பானம் விற்றுக்கொண்டிருந்த 14 வயதுப் பையன், கச்சேரிக்கு முன் அவர் காதில் விழும்படி அவருடைய பாட்டையே பாடினான். அவர் அவனை மேடைக்கு அழைத்துப் பாடவைத்துக் கையில் பணமும் கொடுத்தார். பையன் பெயர் ரிச்சர்ட் பென்னிமன். பிறகு லிட்டில் ரிச்சர்ட்.

பென்னிமன் குடும்பமே தேவாலயங்களில் சேர்ந்து பாடும் குடும்பம். அவனுடைய கூச்சலைத் தாங்கமாட்டாமல் சபையில் பாடவேண்டாம் என்று நிறுத்தியதாக அவரே சொல்வதுண்டு. பின்னாளில் அவருடைய முத்திரையான, உச்சியில் ‘வூ’ என்று ஊளையிடும் குரல், ஃபிலடெல்ஃபியாவின் வார்ட் சிங்கர்ஸ் குழுவில் பாடிய மேரியன் வில்லியம்ஸிடமிருந்து வந்தது. வில்லியம்ஸ் அதைப் பரவசத்தின் உச்சத்தில் போடுவார். ரிச்சர்ட் அதை வரிக்கு வரி போட்டார்.

1955 செப்டம்பரில் நியூ ஆர்லியன்ஸின் ஜே அண்ட் எம் ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர் பாடிய ‘டூட்டி ஃப்ரூட்டி’ முதலில் அச்சில் ஏறமுடியாத வரிகள் கொண்ட பாட்டு. டொரதி லபாஸ்ட்ரீ வரிகளைத் துப்புரவாக்கிக் கொடுத்தார். சொல் சாராயக்கடையுடையது, குரல் சபையுடையது. இந்த முரண்தான் அந்தப் பதிவின் மின்சாரம் என்பது என் எண்ணம்.

வெளியிட்டது லாஸ் ஏஞ்சல்ஸின் ஸ்பெஷால்டி நிறுவனம். அதன் உரிமையாளர் ஆர்ட் ரூப்புக்கு அதற்குமுன் சோறு போட்டவற்றுள் சோல் ஸ்டிரர்ஸ், பில்கிரிம் டிராவலர்ஸ் போன்ற காஸ்பல் குழுக்களும் உண்டு. ரிச்சர்டின் பதிவைக் கவனித்த பம்ப்ஸ் பிளாக்வெல் அங்கே காஸ்பல் பதிவுகளையும் கவனித்தவர். ஹூஸ்டனில் டான் ராபியின் பீக்காக் நிறுவனமும் இப்படித்தான்: ஒரு பக்கம் டிக்ஸி ஹம்மிங்பேர்ட்ஸ், இன்னொரு பக்கம் ‘ஹவுண்ட் டாக்’ பாடிய பிக் மாமா தார்ன்டன். பக்தியும் கேளிக்கையும் ஒரே கல்லாப்பெட்டியில் சேர்ந்தன. இசையின் கலப்பை விளக்க ஆவியைப் பற்றி எவ்வளவோ எழுதுகிறார்கள். இந்தச் சிறு நிறுவனங்களின் சிக்கனத்தைப் பற்றியும் கொஞ்சம் எழுதலாம்.

மெம்ஃபிஸில் இரண்டு காஸ்பல்

எல்விஸ் 1935இல் மிசிசிப்பியின் டூபெலோவில் பிறந்தவர். 1948இல் குடும்பம் மெம்ஃபிஸுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அவருக்கு இரண்டு பள்ளிகள் கிடைத்தன.

ஒன்று, எல்லிஸ் அரங்கில் விடிய விடிய நடந்த வெள்ளையர் காஸ்பல் கச்சேரிகள். ஸ்டேட்ஸ்மென் குழுவில் ஜேக் ஹெஸ்ஸின் உணர்ச்சி பொங்கும் குரலும், ‘பிக் சீஃப்’ வெதரிங்டன் கீழ்க்குரலில் பாடிக்கொண்டே கால்சட்டை அதிரக் காலை ஆட்டுவதும் அவருக்குப் பாடமாயின. எல்விஸின் கால் ஆட்டத்தை ஆபாசம் என்று வைத பத்திரிகைகளுக்கு, அதன் ஒரு மூலம் பக்திக் கச்சேரி என்பது தெரிந்திருக்கவில்லை.

இன்னொன்று, கறுப்பினத்தாரின் ஈஸ்ட் டிரிக் பாப்டிஸ்ட் சபை. அதன் போதகர் ஹெர்பர்ட் ப்ரூஸ்டர், காஸ்பல் பாடகி மஹாலியா ஜாக்சன் 1947இல் பதிவுசெய்து மாபெரும் வெற்றி கண்ட ‘மூவ் ஆன் அப் எ லிட்டில் ஹையர்’ பாட்டை எழுதியவர். அந்தச் சபையின் ஞாயிறு இரவு ஆராதனை வானொலியில் ஒலிபரப்பானது. நிறப்பாகுபாடு சட்டமாக இருந்த நகரில் வெள்ளை இளைஞர்கள் சிலர் நேரிலும் போய் உட்கார்ந்து கேட்டார்கள். எல்விஸ் அவர்களில் ஒருவர்.

சாங்ஃபெல்லோஸ் என்ற காஸ்பல் குழுவில் சேர முயன்று அவர் நிராகரிக்கப்பட்டார். ராக் நட்சத்திரமானது அதற்குப் பிறகுதான். 1956 முதல் அவருக்குப் பின்பாட்டுப் பாடிய ஜோர்டனேர்ஸ் காஸ்பல் குழு. அதே ஆண்டு டிசம்பர் 4 அன்று மெம்ஃபிஸின் சன் ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்விஸ், ஜெர்ரி லீ லூயிஸ், கார்ல் பெர்கின்ஸ், ஜானி கேஷ் தற்செயலாகக் கூடினார்கள். ஒலிநாடா ஓடிக்கொண்டிருந்தது. யாரும் கேட்காத அறையில் அவர்கள் பாடியவற்றில் பெரும்பங்கு பக்திப் பாட்டுகள். 1957 ஜனவரி 6 அன்று எட் சல்லிவன் நிகழ்ச்சியில், கேமரா இடுப்புக்குக் கீழே இறங்காதபடி எல்விஸைக் காட்டிய அந்த இரவில் அவர் பாடியவற்றுள் ‘பீஸ் இன் தி வேலி’யும் ஒன்று. எழுதியவர்? நம் பழைய ஜார்ஜியா டாம், தாமஸ் டோர்சி. எல்விஸ் போட்டியில் வென்ற கிராமி விருதுகள் மூன்று. மூன்றும் காஸ்பல் பதிவுகளுக்கு.

தாண்டியவர்கள் கொடுத்த விலை

இசை எல்லை தாண்டுவது எளிது, ஆள் தாண்டுவது கடினம். சோல் ஸ்டிரர்ஸின் தலைமைப் பாடகர் சாம் குக், 1956இல் முதல் காதல் பாட்டைப் பதிவுசெய்தபோது டேல் குக் என்று பெயரை மாற்றிக்கொண்டார். குரல் காட்டிக்கொடுத்துவிட்டது. ரசிகர்கள் உடனே கண்டுகொண்டார்கள். மறு ஆண்டு சொந்தப் பெயரில் ‘யூ செண்ட் மீ’ பாடி நாட்டின் முதலிடத்துக்குப் போனார். காஸ்பல் மேடை அவரை இழந்தது. மஹாலியா ஜாக்சனோ கடைசிவரை கேளிக்கைப் பாட்டு பாட மறுத்தார். தார்ப் இரண்டு படகிலும் கால் வைத்தார். 1950களில் அவர் ப்ளூஸ் பதிவுசெய்ததும் சபை மக்களில் பலர் முகம் திருப்பிக்கொண்டார்கள். ஃபிலடெல்ஃபியாவில் அவர் கல்லறைக்குப் பெயர்க்கல்கூடப் பல ஆண்டுகள் இல்லை.

லிட்டில் ரிச்சர்ட் 1957 அக்டோபரில் ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தின் நடுவில், புகழின் உச்சியில் ராக் பாடுவதைத் துறந்தார். வானில் சோவியத் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் பறந்த வாரங்கள் அவை. அதை அவர் தீர்ப்பு நாளின் அறிகுறியாகக் கண்டார். மோதிரங்களைக் கழற்றித் தண்ணீரில் எறிந்துவிட்டு, அலபாமாவில் அட்வென்டிஸ்ட் சபையின் ஓக்வுட் கல்லூரியில் வேதம் படிக்கப் போனார்.

அதே மாதம் மெம்ஃபிஸில் ஜெர்ரி லீ லூயிஸ் ‘கிரேட் பால்ஸ் ஆஃப் ஃபயர்’ பாடவேண்டும். அக்கினி என்றதும் அவருக்கு வேதாகமம் நினைவுக்கு வந்துவிட்டது. டெக்சாஸில் வேதப்பள்ளியில் பக்திப் பாட்டை பூகி என்ற துள்ளல் பியானோ நடையில் வாசித்ததற்காக வெளியேற்றப்பட்டவர் அவர். தனக்குள் பிசாசு இருக்கும்போது யாரை இரட்சிக்கமுடியும் என்று அவரும், நல்லது செய்யமுடியும் என்று தயாரிப்பாளர் சாம் ஃபிலிப்ஸும் வாதிட்டது ஒலிநாடாவில் இருக்கிறது. வாதம் முடிந்து அவர் பாடினார். பாடியபோது அந்தப் பயம் பாட்டுக்குள் இருந்தது. காஸ்பலின் பாதிப்பு என்பதில் இந்தக் குற்றவுணர்வையும் சேர்த்தே எண்ணவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. நரகம் உண்டு என்று மனசார நம்புகிறவன் பாடும் கேளிக்கைப் பாட்டுக்கு வேறொரு வேகம் வந்துவிடுகிறது.

காஸ்பலால் விளக்கமுடியாதவர்கள்

எல்லாவற்றையும் தேவாலயத்தில் கொண்டுபோய் முடிப்பதும் தவறு. ராக் கிதார் கலைஞர் சக் பெர்ரியின் தந்தை பாப்டிஸ்ட் சபையில் டீக்கன். ஆனால் மகனின் பாட்டில் கேட்பது லூயிஸ் ஜோர்டனின் நகைச்சுவையும் டி-போன் வாக்கரின் கிதாரும் கன்ட்ரி இசையின் கதைசொல்லலும். சொல்லைத் தெளிவாக உச்சரித்துப் பாடுவார். அலறல் அவர் வழியல்ல. ஃபேட்ஸ் டாமினோவின் பியானோ நியூ ஆர்லியன்ஸின் பூகி-வூகி மரபு. பில் ஹேலி கன்ட்ரி, ஸ்விங் பக்கமிருந்து வந்தவர். ராக் அண்ட் ரோல் பல ஓடைகள் சேர்ந்த ஆறு. காஸ்பல் அதில் ஓர் ஓடை. வெள்ளம் அதிலிருந்து வந்ததுதான் அதிகம் என்பேன், ஆனால் ஆறே அதுதான் என்று சொல்லமாட்டேன்.

ஆகவே ‘கண்டுபிடித்தவர் தார்ப்’ என்ற வரி பாதி சரி. எலெக்ட்ரிக் கிதாரை முன்னிறுத்திய பாடகர் என்ற வகையில் அவருக்கு முந்தியவர்கள் மிகச் சிலர். லிட்டில் ரிச்சர்டும் ஜானி கேஷும் அவரைத் தங்களுக்குப் பிடித்தமானவராக வெளிப்படையாகச் சொன்னவர்கள். ஆனால் அவரை ஒற்றை ஆளாகச் சிம்மாசனத்தில் ஏற்றினால், டோர்சியும் ப்ரூஸ்டரும் பிரவுன்லீயும் மேரியன் வில்லியம்ஸும் மறுபடி இருட்டுக்குப் போவார்கள். எல்விஸுக்குச் செய்த அதே தவறு, ஆள் மட்டும் வேறு.

மேரியன் வில்லியம்ஸின் அந்த ஒற்றை ‘வூ’ போன தூரத்தைப் பாருங்கள். லிட்டில் ரிச்சர்ட் 1962இல் இங்கிலாந்துக்குப் போனபோது காஸ்பல் மட்டும் பாடுவதாகவே எண்ணம். உடன் வந்த ஆர்கன் வாத்தியக்காரர் பில்லி ப்ரெஸ்டனுக்கு 16 வயது, அவரும் தேவாலயத்தில் வளர்ந்த பிள்ளை. அதே நிகழ்ச்சியில் சாம் குக்குக்குக் கிடைத்த வரவேற்பைக் கண்ட ரிச்சர்ட், பழைய ராக் பாட்டுகளுக்கே திரும்பினார். அந்த அக்டோபர் 12 அன்று லிவர்பூலுக்கு அக்கரையில் நியூ பிரைட்டனில் அவர் பாடிய மேடையில் அவருக்கு முன்னால் பாடிய உள்ளூர்க் குழு, பீட்டில்ஸ். அவருடைய ஊளையை பால் மெக்கார்ட்னி முன்பே பழகியிருந்தார். மறு ஆண்டு ‘ஷி லவ்ஸ் யூ’ பாட்டில் தலையை ஆட்டிக்கொண்டு அவர்கள் போட்ட ‘வூ’வுக்கு ஐரோப்பாவே கூச்சலிட்டது.

1993இல் வாஷிங்டனின் கென்னடி மையம் மேரியன் வில்லியம்ஸுக்கு மரியாதை செய்தது. அவர் பார்வையாளர் மாடத்தில் அமர்ந்திருக்க, மேடையேறி அவரைக் கௌரவித்தவர்களில் லிட்டில் ரிச்சர்டும் இருந்தார். மறு ஆண்டு வில்லியம்ஸ் இறந்தார். கடைசிவரை அவர் காஸ்பல் பாடகியாகவே இருந்தார்.